புளி போட்டுத் துலக்கிய நாற்காலிகள்

எங்கள் பவானிபூர் வீட்டில் எங்களுக்கு முன்பே இரண்டு நாற்காலிகள் குடியிருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்கு வங்கியில் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. திருநெல்வேலியிலிருந்து சாமான்களோடு வந்து இறங்கினோம். கீழ்த்தளத்து முன்னறைக் கதவைத் திறந்து அம்மா வலது காலை எடுத்து வைத்தபோது எதிரே அவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. நின்றன என்று சொல்வதே தப்பு. அவற்றுக்குப் பின்னங்கால் கிடையாது.

ஒரே நீளக் குழாயை வளைத்து வளைத்துச் செய்த நாற்காலி அது. குழாய் தரையில் படுத்துக் கிடக்கும், முன்பக்கம் நிமிர்ந்து எழும், முழங்கால் உயரத்தில் மடங்கிப் பின்னால் போகும், அங்கிருந்து முதுகாக மேலே ஏறும். உட்காருகிறவரின் பாரம் முழுவதும் அந்தரத்தில் தொங்கும். குழாய்க்கு மேல் குரோமியப் பூச்சு, அதுவும் எங்கள் கண்ணில் முதலில் பட்டபோது மங்கிப் போயிருந்தது. இருக்கையும் முதுகும் தடித்த பழுப்புத் தோல். ஓரமெல்லாம் திருகு வைத்துக் குழாயோடு இறுக்கியிருந்தார்கள்.

"பின்னங்கால் ஒடிஞ்ச நாக்காலிய யாரு நடு வீட்டுல போட்டுருக்கா?" என்றாள் அம்மா. மூட்டை முடிச்சைக் கூட இறக்கவில்லை. "ஏட்டி, அது என்னது, தோலா? மாட்டுத்தோலா?"

மாட்டுத்தோல்தான். நாங்கள் சைவக் குடும்பம். செருப்பை வாசலுக்கு வெளியே விடுவதோடு எங்கள் வீட்டில் தோலின் எல்லை முடிந்துவிடும். அப்பாவின் இடுப்பு வார் கூட ரெக்ஸின்தான். அப்படிப்பட்ட அம்மாவுக்குச் சாமி மாடத்துக்கு நேர் எதிரே இரண்டு முழு மாட்டுத்தோல். அப்பா வீட்டுக்காரரிடம் போய், அவற்றை மாடிக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று நயமாகக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்று இன்னும் நயமாகப் பதில் வந்தது.

வீட்டுக்காரர் மாடியில் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற வக்கீல், மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் டெல்லியில் வேலை. நான் அவரை மேஷோமோஷாய் என்று கூப்பிட்டேன். வங்காளத்தில் சித்தப்பா முறை. அம்மாவுக்கு அவர் தாதா, அதாவது அண்ணன். எங்கள் முன்னறை ஒரு காலத்தில், அவரைப் போலவே வக்கீலாயிருந்த அவருடைய அப்பா, கட்சிக்காரர்களைப் பார்த்த அறை. நாட்டை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அந்த அப்பா எடுத்தவைதான் இந்த நாற்காலிகள். ஒப்பந்தத்தில் எழுதாத நிபந்தனை ஒன்றே ஒன்று: நாற்காலிகள் அங்கேயே இருக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர் இறங்கி வந்து, சன்னலோரம் இருப்பதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

முதல் நாள் அவர் உட்கார்ந்து காட்டினார். நல்ல கனமான மனிதர். நாற்காலி அவரை வாங்கிக்கொண்டு பின்னால் தாழ்ந்தது, பிறகு மெல்ல மேலே தூக்கியது. அவர் வேண்டுமென்றே இரண்டு தரம் ஆடிக் காட்டிச் சிரித்தார். "போஷுன், போஷுன்" என்று எதிர் நாற்காலியைக் காட்டி எங்களை உட்காரச் சொன்னார். அப்பா உட்காரப் போனார். அம்மா இருமினாள். அப்பா அந்த வருஷங்கள் முழுக்க அவருக்கு எதிரே மோடா என்கிற பிரம்பு முக்காலியில்தான் உட்கார்ந்தார். இரண்டாவது நாற்காலி காலியாகவே கிடந்தது.

காலியாகக் கிடந்தாலும் சும்மா கிடக்கவில்லை. அதுதான் அம்மாவை அரித்தது. எங்கள் சந்திலிருந்து நாலு வீடு தள்ளிப் பெரிய சாலை, அதன் அடியில் மெட்ரோ ஓடுகிறது. ரயில் போகும்போது சத்தம் கேட்காது. உள்ளங்காலில் ஒரு உறுமல் மட்டும் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு நாற்காலிகளும் லேசாக ஆடும். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி, இல்லை, இப்போதுதான் வந்து உட்கார்ந்த மாதிரி. காலித் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று நம்புகிற ஊரில் பிறந்தவள் அம்மா. இங்கே ஆட்டுவதற்கு ஆள் கூட வேண்டியிருக்கவில்லை. "யாரையோ கூப்பிடுதுட்டி" என்பாள். மெட்ரோவைப் பற்றி நான் விளக்குவேன். "ரயிலு ஓடட்டும். இது ஏன் ஆடணும்?" என்று கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் மத்தியான நேரத்தில் தனியாக அந்த அறையில் படிக்க உட்கார்ந்தால் நானும் நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டேன்.

தோலை வெளியே தள்ள முடியாது, தீட்டோடு இருக்கவும் முடியாது. அம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். செவ்வாயும் வெள்ளியும் குத்துவிளக்கைத் துலக்கும்போது நாற்காலிகளையும் சேர்த்துத் துலக்கிவிடுவது. விளக்குக்கு என்ன செய்வாளோ அதையேதான் இதற்கும் செய்தாள். புளியை ஊறவைத்துக் கரைத்து, கல்லுப்பைக் கைநிறையப் போட்டு, தேங்காய் நாரால் குழாயை மேலிருந்து கீழ்வரை தேய்ப்பாள். திருகுத் தலைகளின் சந்தில் நாரை முறுக்கி விட்டுக் குடைவாள். "கொஞ்சம் ஊறட்டும்" என்று அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் வருவாள். பிறகு செம்புத் தண்ணீரைத் தோலின் மேலும் குழாயின் மேலும் ஊற்றிக் கழுவி, கடைசியில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். தோலை மட்டும் கையால் தொட மாட்டாள். அதைத் துடைக்கிற வேலை என்னுடையது, துடைத்த துண்டோடு நான் குளிக்கப் போக வேண்டும்.

குழாய் ஜொலிக்க ஆரம்பித்தது. பொய் சொல்லவில்லை, முகம் பார்க்கலாம். மேஷோமோஷாய் முதல் முறை அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். தன் அப்பா இருந்தபோது கூட இப்படி இருந்ததில்லை என்று சொன்னார், கண் கலங்கிவிட்டது. தெருக்காரர்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டி வந்து காட்டினார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அது முதல் அவருக்கு டிகாக்ஷன் திக்காக இறங்கியது. தோல் தோல்தான், ஆனால் அந்த மனிதரை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கூடப் பிறந்த அண்ணன் இல்லாதவள், தாதா என்று கூப்பிட ஒருவர் கிடைத்ததும் வாய் நிறையக் கூப்பிட்டாள். அவரும் பதிலுக்கு, டெல்லிக்கு வந்துவிடு என்று மகன் நச்சரிப்பதையெல்லாம் அவளிடம்தான் சொல்வார். வங்காளியில் அவர் சொல்ல, தமிழில் அவள் ஆறுதல் சொல்ல, இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது.

முதலில் தரையில்தான் தெரிந்தது. அந்த அறையில் வெள்ளையும் கறுப்புமாகச் சலவைக்கல் பதித்திருக்கும். ஒரு சனிக்கிழமை காலை சன்னலோர நாற்காலியின் அடியில், வெள்ளைக் கல்லில், செம்பழுப்பாக நாலைந்து சொட்டு. முந்திய நாள் துலக்கியது. அம்மா துடைத்தாள். அடுத்த வாரம் மறுபடியும் வந்தது, இந்த முறை இரண்டு நாற்காலிகளின் அடியிலும். விரலால் தொட்டு முகர்ந்தாள். காசை வியர்த்த கையில் வைத்திருந்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை.

"ரத்தம்" என்றாள் அம்மா.

"அம்மா, சும்மா இரி. தோல் சாயமா இருக்கும்."

"இத்தன வருசம் கழிச்சா சாயம் போகும்? மாடு அழுதுட்டி."

நான் அப்போது ஜாதவ்பூரில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் பஸ் பிடித்துப் போனால் இருட்டும்போது வருவேன். அமிலம், உப்பு, இரும்பு எல்லாம் எனக்குக் கரும்பலகையில்தான் இருந்தன. வீட்டில் விளக்குத் துலக்குவதைப் பார்த்துக்கொண்டு யாரும் வேதியியல் நினைப்பதில்லை. அப்பாவோ, கம்பி என்றால் வங்கிக் கவுன்ட்டரில் இருக்கிற கம்பி தவிர வேறு எதுவும் அறியாதவர். ஆகவே அந்தச் சொட்டுக்கு வீட்டில் ஒரே விளக்கம்தான் இருந்தது, அதற்கு ஒரே பரிகாரம்தான் இருந்தது. அம்மா இன்னும் அதிகப் புளி போட்டாள். இன்னும் அதிக உப்பு, இன்னும் ஒரு செம்புத் தண்ணீர். செவ்வாய், வெள்ளியோடு அமாவாசையும் சேர்ந்துகொண்டது.

குழாய் மேலும் மேலும் ஒளிர்ந்தது. ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் முன்னறையில் அது நடந்துகொண்டிருந்தது, நாங்கள் தாழம்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அந்தப் பளபளப்பில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும், சில இடங்களில் பூச்சு கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கும். மேஷோமோஷாய் உட்காரும்போது ஒரு சத்தம் வேறு வர ஆரம்பித்தது. பல்லைக் கடிக்கிற சத்தம். அவர் சிரிப்பார். "எனக்கும் முழங்கால் இப்படித்தான் சத்தம் போடுகிறது, இரண்டு பேருக்கும் வயசாகிவிட்டது" என்பார். அவர் ஒவ்வொரு தரம் பின்னால் சாயும்போதும் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்ப்பேன். ஏனென்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

புதிய நூற்றாண்டு பிறந்த பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் அது நடந்தது. சந்தில் கணுக்கால் தண்ணீர். அவர் வழக்கம்போல் வெளிப்படி வழியாக இறங்கி வந்து, குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா காபியோடு வந்துகொண்டிருந்தாள். நான் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். காலுக்கடியில் மெட்ரோ உறுமியது, நாற்காலி ஆடியது, அவர் பேப்பரைப் புரட்டக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து மறுபடி பின்னால் போனார். முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம், அவ்வளவுதான். ஒரு பக்கத்து முன்வளைவு ஒடிந்தது. நாற்காலி அவரைச் சாய்த்துச் சலவைக்கல்லில் கொட்டியது. அவர் கத்தவில்லை. வியந்து போன குழந்தை மாதிரி எங்களைப் பார்த்தார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், அப்போதுதான் அந்த அலறல் வந்தது.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை செய்து உள்ளே உலோகம் வைத்தார்கள். டெல்லியிலிருந்து மகன் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், எங்களிடம் மரியாதையாகவே பேசினார். மருத்துவர் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: நடந்துவிடுவார், ஆனால் இதயம் பலவீனம், இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தமிழில் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பா ஒடிந்த குழாயை எடுத்துப் பார்த்தார். ஒடிந்த வாயிலிருந்து பழுப்புத் தூள் கொட்டியது. குழாயின் சுவர் அப்பளக் கனம் கூட இல்லை. விரலால் அழுத்தினார், நொறுங்கியது. வெளியே மட்டும் அந்தக் குரோமியத் தோல், கண்ணாடி மாதிரி. அதைப் பார்த்த கணத்தில் எனக்கு எல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டது. "அம்மா, உப்பும் புளியும்தான்" என்றேன். "ஊசி ஓட்டை வழியா உள்ள போயிருக்கு. திருகு வழியா தண்ணி எறங்கிருக்கு. அது ரத்தம் இல்ல, துரு. நீ கழுவக் கழுவத் தின்னுருக்கு."

சுற்றி வளைத்துச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. சொன்னது சரிதான், இன்றைக்கும் சரிதான். அம்மாவின் கண் ஒடிந்த நாற்காலியில் இல்லை. எதிரே இருந்த இரண்டாவதில் இருந்தது. அதையும் அவள்தான் துலக்கினாள், அதே புளி, அதே உப்பு, அதே செம்பு. மெட்ரோ போயிற்று. அது லேசாக ஆடி நின்றது.

அன்றைக்கே அதை எடுத்துப் போட்டு உடைத்திருக்கலாமே என்று தோன்றும். அடுத்தவர் சாமான். "ஒண்ணு ஒடஞ்சதுக்கே மொகத்தப் பாக்க முடியல, இன்னொண்ணுல கை வைக்காத" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதோடு, இனி அதில் உட்கார யார் வரப் போகிறார்கள்? மகன் மேஷோமோஷாயை டெல்லிக்குக் கூட்டிப் போய்விட்டார். அம்மா அந்த நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டாள். துலக்குவதை நிறுத்தினாள். குடித்த விஷம் குடித்ததுதான், நிறுத்தி என்ன?

துர்கா பூஜாவெல்லாம் முடிந்து, குளிர் தொடங்கும்போது மகன் திரும்பி வந்தார். மாடியைக் காலி செய்யப் போவதாகச் சொன்னார், வீட்டை என்ன செய்வதென்று பிறகு பார்க்கலாம், நீங்கள் இருங்கள் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்பா ஒரே ஒரு பொருள்தான் கேட்கிறார். அந்த இன்னொரு நாற்காலி. தினமும் கேட்கிறார். அது வந்தால்தான் டெல்லி வீடு தன் வீடாகுமாம்."

அம்மாவின் கையிலிருந்த தட்டு சரிந்தது. வங்காளி புரியாதவளுக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது.

அப்பா ஆங்கிலத்தில் பொறுமையாக எடுத்துச் சொன்னார், அதுவும் உள்ளே அரித்திருக்கும், வேண்டாம், ஆபத்து என்று. மகன் நாற்காலியைத் திருப்பி, தட்டி, அசைத்துப் பார்த்தார். ஒரு புள்ளி அழுக்கில்லாமல் மின்னியது. யாரும் உட்காராத நாற்காலி, அதற்கு என்ன ஆகும்? ஒடிந்தது தன் அப்பா நாற்பது வருஷம் ஆடிய நாற்காலி, அது வேறு என்றார். எங்கள் அப்பா விடாமல் டெல்லிக்கே போன் போட்டார். மேஷோமோஷாய் குரலில் உயிர் வந்துவிட்டது. "உங்கள் மனைவி கை பட்டு அது புதிதாகிவிட்டதே. ஒன்று போய்விட்டது, இருப்பதையாவது அனுப்பி வையுங்கள். இங்கே எனக்கு யாரையும் தெரியவில்லை" என்றார். அப்பா போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் மகன் யாரோடோ செல்போனில் பேசுவது கேட்டது. அந்தக் காலத்து நாற்காலிகளுக்கு டெல்லியில் மவுசு வந்துவிட்டது, எங்களுக்கும் அது தெரிந்துவிட்டது போல, அதனால்தான் விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை அவர் சொன்ன வார்த்தை "தெத்துல்". வங்காளியில் புளி என்று அர்த்தம். தெற்கத்தியார் எல்லோருக்கும் அங்கே சிலர் வைத்திருக்கிற பட்டப்பெயர் அது, எதற்கெடுத்தாலும் புளி போடுகிறவர்கள் என்று. ஜாதவ்பூரில் முதல் வாரமே எனக்கும் வைத்தார்கள். கூட்டாளிகள் சொன்னால் சிரித்துவிடலாம். படியில் நின்று அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை. எனக்குக் காது கொதித்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது பவானிபூர் சந்தையில் புளி வாங்குகிற வார்த்தை மட்டும்தான்.

அதனால்தான் மறுநாள் அந்தக் கூத்து நடந்தது. அம்மா தானே நேரில் சொல்லிவிடுவதென்று முடிவு செய்து, எனக்குக் கூடச் சொல்லாமல், படியிறங்கி வந்த மகனை மறித்தாள். நான் வாசலுக்கு வருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய வங்காளியில் பெயர்ச்சொல் மட்டும்தான் உண்டு, வினைச்சொல்லுக்குக் கை. தன் நெஞ்சைத் தொட்டு, "ஆமி தெத்துல்" என்றாள். நான் புளி. மறுபடி நெஞ்சைத் தொட்டு, "ஆமி தெத்துல். சேயார் கராப். தாதா மோரே ஜாபே." நான் புளி, நாற்காலி கெட்டது, அண்ணன் செத்துப் போவார்.

அவர் முகம் செத்துவிட்டது. நேற்றுப் படியில் பேசியது இவள் காதில் விழுந்துவிட்டது, அதைத்தான் குத்திக் காட்டுகிறாள், சாபம் வேறு விடுகிறாள் என்று நினைத்துவிட்டார். "சீ சீ, மாஷிமா, அப்படியெல்லாம் இல்லை" என்று கும்பிட்டுக்கொண்டே பின்வாங்கினார். மாஷிமா என்றால் சித்தி. நான் ஓடிப் போய் வங்காளியில் விவரமாக விளக்கினேன். அம்மா புளியும் உப்பும் போட்டு வாரம் இரண்டு முறை தேய்த்தாள், அது உள்ளே போய் இரும்பைத் தின்றுவிட்டது, உங்கள் அப்பா உட்கார்ந்தால் ஒடியும். அவர் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்திலிருந்த வெட்கம் வடிந்து வேறொன்று வந்தது.

"நாற்காலியைப் புளி போட்டா தேய்த்தீர்கள்?" என்றார். "உலகத்தில் யாராவது நாற்காலியைப் புளி போட்டுத் தேய்ப்பார்களா? வேறு நல்ல கதையாகச் சொல்லக் கூடாதா?"

உண்மைக்கு இப்படி ஒரு கதி வருமென்று நான் நினைத்ததில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. புளி அவருக்குச் சட்னி. விளக்குத் துலக்குகிற புளியை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

வண்டி மறுநாள் காலை வந்தது. மேலேயிருந்து கட்டில், அலமாரி, புத்தகப் பெட்டிகள் எல்லாம் இறங்கின. கடைசியில் இரண்டு ஆட்கள் எங்கள் முன்னறைக்கு வந்தார்கள், கையில் சாக்கும் கயிறும். மகன் பின்னாலேயே வந்து நின்றார். அப்பா மோடாவிலிருந்து எழுந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார். வெள்ளிக்கிழமை. அம்மா தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, ஈரத்துண்டு கட்டிய தலையோடு சாமி மாடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் திரும்பினாள். ஆட்களை விலகச் சொல்லிக் கை காட்டினாள். நாற்காலியைச் சுவரிலிருந்து தானே இழுத்துத் திருப்பினாள். அத்தனை வருஷத்தில் விரல்நுனி படாத அந்தத் தோலின் மேல், குளித்த உடம்போடு, விளக்கேற்றிய கையோடு, உட்கார்ந்தாள்.

"என்ன செய்யுத நீ?" என்றார் அப்பா.

அவள் இருக்கையின் இரண்டு பக்கத்துக் குழாயையும் பற்றிக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். முதலில் மெல்ல. நாற்காலி அவளைத் தாழ்த்தித் தூக்கியது. அம்மா ஒல்லி, எடையே கிடையாது. காலைத் தரையில் உதைத்து எம்பி எம்பி விழுந்தாள். ஈரத்துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்தது. ஆட்கள் சிரித்தார்கள். மகன் "மாஷிமா, என்ன இது?" என்று முன்னால் வந்தார். நாற்காலி பல்லைக் கடித்தது, ஆனால் ஒடியவில்லை. ஒருவேளை நாங்கள்தான் தப்போ, ஒருவேளை இது நல்ல நாற்காலிதானோ, ஊர் சிரிக்க இவள் இப்படி ஆடுகிறாளே என்று அவமானம் பிடுங்கியது. "அம்மா, எந்திரி" என்று கத்தினேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் பலமாக எம்பினாள்.

ஒடிந்தது. அதே முருங்கைக்காய்ச் சத்தம். இந்த முறை இரண்டு பக்கமும் ஒன்றாக. அம்மா மல்லாந்து விழுந்தாள், முழங்கை கல்லில் மோதியது. ஒடிந்த குழாய்களின் வாயிலிருந்து பழுப்புத் தூள் சரசரவென்று வெள்ளைச் சலவைக்கல்லில் கொட்டியது. நான் அதைக் கையில் அள்ளி மகனிடம் காட்டினேன், பாருங்கள், பாருங்கள் என்று. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது ஒன்றுதான்: தன் அப்பா கேட்ட ஒரே பொருளை இந்தப் பொம்பளை வேண்டுமென்றே உட்கார்ந்து உடைத்தாள். அந்த வார்த்தையை இந்த முறை படியில் நின்று சொல்லவில்லை. அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, துப்புவது போல, "தெத்துல்!" என்றார்.

அம்மா தரையில் கிடந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. அந்த மாதிரி ஒரு நிம்மதியை நான் அவள் முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. தலையை வேகமாக ஆட்டி, "ஹாங், ஹாங், தெத்துல், தெத்துல்" என்றாள். என்னிடம் திரும்பி, "புரிஞ்சிட்டுதுட்டி அவருக்கு. ஒரு வழியாப் புரிஞ்சிட்டுது" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன். திருத்தவில்லை. அவர் வேகமாக வெளியே போனார், ஆட்கள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார்கள், வண்டி கிளம்பியது. அம்மாவின் முழங்கை மாதக்கணக்கில் நேராகவில்லை. தோலில் உட்கார்ந்ததற்காக மறுபடி ஒரு முறை குளித்தாள், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாங்கள் சண்டை போடவில்லை, ஆற்றுக்கு அக்கரையில் சாந்த்ராகாச்சிப் பக்கம் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு விஜயாவுக்கும், அதாவது விஜயதசமிக்கு, பெரியவர்களுக்குப் போன் செய்து வணக்கம் சொல்வது அங்கே வழக்கம். அம்மா என்னை டெல்லிக்குப் போன் போடச் சொன்னாள். எங்கள் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அடுத்த வருஷமும் அப்படித்தான். மூன்றாவது முறை மேஷோமோஷாயே எடுத்தார். நான் யாரென்று சொன்னதும் இரைய ஆரம்பித்தார். அண்ணன் என்று கூப்பிட்டுக் கழுத்தை அறுத்தவர்கள், ஒரு கிழவனின் நாற்காலியைப் பொறுக்காத பாவிகள், இன்று வரை என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டீர்கள் என்று மூச்சு விடாமல் திட்டினார். குரல் கணீரென்று இருந்தது. போனை வைத்துவிட்டார்.

அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்னட்டி சொல்லுதாரு?"

"திட்டுதாரு."

"நல்லாத் திட்டுதாரா? சத்தமா?"

"தெருவுக்கே கேக்கும்."

"திட்டட்டும்" என்றாள் அம்மா. "மனுசன் இருக்காருல்லா."